நைனாவின் முடிக்கு வந்த சோதனை

திருத்தணியில் அமுக்கு நைனாவின் கை படாத சைக்கிள் ஒன்றுகூடக் கிடையாது. மலைமேல் இருக்கிற முருகன்மீது ஆணையாகச் சொல்கிறேன். எதிரே யார் சைக்கிளில் வந்தாலும் மறிப்பார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஓங்கி ஓர் அமுக்கு அமுக்குவார். "நல்லாக்கீறியா?" என்ற விசாரிப்பெல்லாம் அப்புறம்தான். கல்யாண மண்டப சோபாவையும் பல் டாக்டர் நாற்காலியையும்கூட அவர் விட்டதில்லை.

அவருக்கு மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை. அரக்கோணத்தில் எனக்கு வேலை. மூன்று வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மத்தியானமானால் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்து, ஊரில் உள்ள கியர் சைக்கிள்களின் முன் ஃபோர்க்கைப் பிரித்துப் போடுவார். குண்டுகுழியில் இறங்கினால் அமுங்கி எழும்புமே, அந்த இரட்டைக் கால்தான். வித்தையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. அதிலும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். கேட்டால், "கை இன்னா செய்யுதுன்னு பாத்தா போதும். அவன் வாய் நமக்கு எதுக்கு?" என்பார்.

பட்டறை, சமையலறைதான். ஃபோர்க்கின் அடி போல்ட்டைத் தளர்த்தி, கீழ்க்கால்களைத் தட்டிக் கழற்ற ரப்பர் சுத்தியல் வேண்டும். நைனா உரிக்காத தேங்காயால் தட்டுவார். உள்ளே ஊற்றும் எண்ணெயை அளக்க, மகள் குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டிய பாலாடை. காலுக்கு ஒரு பாலாடை, கணக்கு முடிந்தது. அந்த எண்ணெய் சொம்பில் இருந்ததைத் தெரியாமல் எடுத்து, நகரியிலிருந்து வந்த கொழுந்தியாள் ஒருநாள் அப்பளம் பொரித்துவிட்டாள். அப்பளம் என்னவோ பிரமாதமாகத்தான் பொரிந்தது. அன்றைக்கு எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டோம்.

மலைப்பாதையில் ஓட்டலாம் என்று நானும் பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கினேன். ஆயுத பூஜை அன்று நைனாவே அதற்குப் பூஜை போட்டார். டயர் முதல் மணி வரை பொட்டு. ஃபோர்க்கின் வலது கால் உச்சியில் வட்டமாக ஒரு குமிழ் இருந்தது. அதன்மேல் சந்தனத்தை அப்பி, உதிராமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்தித் திருகி, மேலே குங்குமமும் வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் ஓட்டினால் ஃபோர்க் உலக்கையாக நிற்கிறது. மலையிறங்கி வருவதற்குள் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது.

நைனா பிரித்தார். பழைய எண்ணெய் டிகாஷன் மாதிரி வழிந்தது. கழுவித் துடைத்து, பாலாடையால் புது எண்ணெய் விட்டு மாட்டினார். அமுங்கவில்லை. எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல்தான் பிடிக்கிறது என்று சென்னையிலிருந்து புது சீல் வரவழைத்தார். ஊஹூம். மூன்றாம் முறையும் பிரித்து மாட்டி, ஹேண்டில்பார்மேல் குப்புறப் படுத்தே பார்த்தார். அசையக் காணோம். ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தனப் பொட்டின்மேல் மட்டும் துணி படாமல் பதவிசாகத் துடைப்பார். பூஜைப் பொட்டைக் கையால் எடுக்கலாமா, தானாகத்தான் உதிர வேண்டுமாம்.

விஷயம் கடைத்தெருவுக்குப் பரவிவிட்டது. கற்பூரம் வாங்க வருகிறவர்களெல்லாம் அமுங்கிச்சா, அமுங்கிச்சா என்று கேட்டுத் துளைத்தார்கள். நைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள இது அமுங்கலன்னா, மலைக்குப் போயி மொட்ட போட்டுகினு வரேன்."

கடைத்தெருவே அவர் தலையைப் பார்த்தது. நைனாவின் முடி லேசுப்பட்டதல்ல. ஐம்பதை நெருங்கியும் நரைக்காத சுருட்டை முடி. கலையக் கூடாதென்று காற்றடித்தால் கடைக்குள் போய் நிற்பார். அவர் மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"காரியம் நடந்தா முடி குடுப்பாங்க தம்பி. நடக்கலன்னா குடுக்கற மொத ஆளு இவருதான்."

ஞாயிறு மத்தியானம் மாடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த பொட்டு பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் குமிழின்மேல் குட்டியாக ஒரு பூட்டுப் படம். ஃபோர்க்கில் இருந்த அம்புக்குறி அதைக் காட்டிக்கொண்டு நின்றது. மேட்டில் ஏறும்போது ஃபோர்க் அமுங்காமல் பூட்டி வைக்கிற குமிழ் அது. பூஜையன்று திருகிய கட்டைவிரல் பூட்டிவிட்டிருக்கிறது. திருப்பிவிட்டு அமுக்கினேன். வெண்ணெயாக இறங்கியது.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம்தான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் அரக்கோணம் வரைக்கும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் முடி போய்விடும். சைக்கிளைக் கீழே தூக்கிப் போய், எண்ணெய் ஊற இரண்டு நாள் பிடித்திருக்கிறது நைனா, இப்போது பாருங்கள் என்று புளுகினேன்.

அமுக்கினார். இருபது தடவை அமுக்கினார். மனைவியைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். திடீரென்று கை நின்றது. பளிச்சென்று இருந்த குமிழைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஆங், எண்ணெ ஊறணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்திருந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வழவழவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம். ஃபோர்க் சரியானதற்கு முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று கடைத்தெரு மெச்சிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அதுதான் அமுங்கிவிட்டதே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று காதோடு கேட்டேன்.

"பூட்னது நானு, தொறந்தது நீ. ஊருக்கு எண்ணெ ஊறுச்சுன்னே இருக்கட்டும். மேல கீறவருக்குத் தெரியுமில்ல?"

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் இல்லாத முடியைக் கோதிக்கொண்டார்.

மாற்றலாகிச் சென்னைக்குக் கிளம்பிய அன்று என் சைக்கிளுக்கு மறுபடியும் பொட்டு வைத்தார். குமிழின்மேல் அல்ல, பக்கத்தில். இப்போதும் தினம் காலையில் ஏறுவதற்கு முன் ஹேண்டில்பாரை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்க்கிறேன். ஃபோர்க்குக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் நைனாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.