ஜெசிந்தா அணில் வீட்டுச் சிங்க்கின் அடியில் ஒரு சொட்டு

ஒரு காட்டில், அந்தக் காலத்தில் எல்லாம் இல்லை, போன மாதம்தான், நாலு மாடி ஆலமரம் ஒன்று இருந்தது. அதன் இரண்டாம் மாடியில் ஜெசிந்தா என்ற அணில் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். பிறந்து பத்து நாள்தான் ஆகிறது, இன்னும் கண் திறக்கவில்லை.

அவளுக்கு நேர் கீழே, முதல் மாடிப் பொந்தில், மாசிலாமணி என்ற மலைப்பாம்பு இருந்தார். ரிட்டயர் ஆனவர். மரத்தில் எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

கீழே மலைப்பாம்பை வைத்துக்கொண்டு மேலே ஓர் அணில் எப்படி நிம்மதியாகத் தூங்குவாள் என்று நீங்கள் கேட்கலாம். தூங்கவில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. தக்க காரணம் இல்லாமல் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குள் நுழையக் கூடாது. மாசிலாமணி அங்கிள் சட்டத்தை மதிப்பவர். அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் ஒரு முறை படிப்பார். ‘தக்க காரணம்’ என்ற இடம் வந்ததும் கொஞ்ச நேரம் நிற்பார்.

ஜெசிந்தாவின் கணவனுக்கு வெளிக்காட்டில் வேலை. குட்டிகள் பிறந்த சந்தோஷத்தில் அவன் ஒரு மெஷின் அனுப்பினான். சமையலறைச் சிங்க்கின் அடியில் மாட்டுவது. கொட்டை ஓடு, பழத்தோல், மிச்சம் மீதி எல்லாவற்றையும் சிங்க்கில் போட்டு சுவிட்சைத் தட்டினால், அரைத்துத் தண்ணீரோடு குழாயில் அனுப்பிவிடும். குப்பை கொட்டுவதற்காகக்கூட அவள் குட்டிகளை விட்டு நகர வேண்டாம்.

மாட்ட வந்தவர் பிளம்பர் தங்கப்பழம். குரங்கு. மெஷின்மேல் சுற்றியிருந்த பாலிதீன் கவரை அவர் பிரிக்கப் போனார்.

“அண்ணே, கவரைப் பிரிக்காதீங்க. புதுசு போயிடும்,” என்றாள் ஜெசிந்தா.

அந்த மரத்தில் அதுதான் வழக்கம். சங்கத்துச் செக்ரட்டரி கொக்கு வாங்கிய நாற்காலி மூன்று வருடமாகக் கவரோடுதான் சரசரக்கிறது. தங்கப்பழமும் மறுப்புச் சொல்லவில்லை. கவரோடு மெஷினை மாட்டி, கவரோடு குழாயை இணைத்து, ஒரு காபியும் குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சொட்ட ஆரம்பித்தது. மெஷினின் பக்கவாட்டு வாயும் கழிவுக் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு. பலகை இடுக்கில் ஒரு சொட்டு. பிறகு மாசிலாமணி அங்கிளின் நெற்றியில் ஒரு சொட்டு.

அங்கிள் தன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கழுத்து நீண்டுகொண்டே வந்து ஜெசிந்தாவின் ஜன்னலுக்கு வெளியே நின்றது. உள்ளே வரவில்லை. சட்டம் சட்டம்தான்.

“என்னம்மா ஜெசிந்தா, சௌக்கியமா?”

“சௌக்கியம் அங்கிள்.”

“மேலேருந்து தண்ணி வருது.”

“சாரி அங்கிள். இப்பவே பிளம்பரைக் கூப்பிடறேன்.”

“ஒண்ணும் அவசரமில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்கப்புறமும் நிக்கலேன்னா நானே மேல வந்து என்னன்னு பார்க்கிறேன். கசிவு தக்க காரணம்தானேம்மா?”

ஜெசிந்தா குட்டிகள் படுத்திருந்த பக்கத்தை மறைத்து நின்றாள்.

“பிள்ளைங்களையும் பார்த்த மாதிரி ஆச்சு,” என்றார் அங்கிள். “மூணா, நாலா?”

“ரெண்டுதான் அங்கிள்.”

அவள் மைனா சிஸ்டர்கள் நடத்தும் கான்வென்டில் படித்தவள். பொய் சொன்னால் நாக்கில் கரும்புள்ளி விழும் என்று கேட்டு வளர்ந்தவள். ஆனாலும் சொல்லிவிட்டாள். ரெண்டு என்றால் ரெண்டோடு நிறுத்துவார், ஒன்றாவது மிஞ்சும் என்று ஒரு நினைப்பு. கழுத்து இறங்கிப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

தங்கப்பழத்துக்குப் போன் போட்டாள்.

“பக்கத்துலதான் மேடம் வந்துட்டு இருக்கேன்,” என்றார் அவர். பின்னால் பலாப்பழம் பிளக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் வரை அவர் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தார்.

இதற்குள் அவள் செக்ரட்டரி கொக்கிடம் ஓடினாள். கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி மேஜையிலிருந்து ஒரு ஃபார்ம் எடுத்துக் கொடுத்தது.

“கசிவுக்குத் தனி ஃபார்ம் இருக்கு. இதை ஃபில் பண்ணிக் கொடுத்தா சங்கத்துப் பிளம்பரை அனுப்புவோம். கீழ் வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்.”

“அவருக்குக் கை இல்லையே சார்.”

கொக்கு யோசித்தது. “நியாயம்தான். அப்படின்னா அவர் உங்க வீட்டுக்கு நேர்ல வந்து, கசிவைக் கண்ணால பார்த்தேன்னு வாய்மொழியாச் சொல்லணும்.”

ஜெசிந்தா ஃபார்மை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

புதன்கிழமை மதியம் தங்கப்பழம் வந்தார். சிங்க்கின் அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“யாரு மேடம் இந்த வேலையைப் பண்ணது? கண்றாவியாப் பண்ணியிருக்கான்.”

“நீங்கதான் அண்ணே. போன சனிக்கிழமை.”

தங்கப்பழம் தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தார். மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தார்.

“நானா? அப்போ வேலை நல்லாத்தான் இருக்கும். மெஷின்லதான் கோளாறு.”

“அண்ணே, கீழ அங்கிள் இருக்காரு. மூணு பச்சப்புள்ளைங்க.”

“பதறாதீங்க மேடம். புதுசுன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஓடி ஓடிப் பழகுனா தானா நின்னுடும்.”

இணைப்பின்மேல் வெள்ளை டேப்பை ஏழு சுற்றுச் சுற்றினார். அதன்மேல் ஒரு பழைய துணியைக் கட்டினார். துணிக்கு ஒரு முடிச்சுப் போட்டார். போய்விட்டார். சொட்டிக்கொண்டிருந்தது அன்று சாயங்காலம் ஒழுக ஆரம்பித்தது. வியாழக்கிழமை முழுக்க அவர் மறுபடியும் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜெசிந்தா மூன்று குட்டிகளையும் ஒரு தேங்காய்த் தொட்டியில் படுக்க வைத்து, பஞ்சு மூடி, தொட்டியைக் கடைசிச் சுவர்வரை தள்ளினாள். பிறகு பொந்துக் கதவைத் தாழ் போட்டாள். மலைப்பாம்புக்குத் தாழ் ஒரு பொருட்டா என்ன? ஆனாலும் போட்டாள்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் ஆறு மொழி இருந்தது. அந்தக் காட்டு மொழி இல்லை. படத்தைப் பார்த்தாள். முதல் படத்தில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருந்தது. பிடுங்கினாள். இரண்டாவதில் குழாய்க்கு அடியில் வாளி இருந்தது. வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள், துணியை எடுத்தாள், ஏழு சுற்று டேப்பையும் பல்லால் கடித்துப் பிய்த்தாள். உள்ளே இரண்டு ஸ்க்ரூ இருந்தன. ஸ்க்ரூடிரைவர் மூன்று தடவை வழுக்கியது. நாலாவது தடவை திரும்பியது.

குழாய் கழன்று வந்தது. உள்ளே ரப்பர் வாஷருக்கும் மெஷின் வாய்க்கும் நடுவில் பாலிதீன் கவர் மடிந்து கிடந்தது. அந்த மடிப்பு வழியாகத்தான் தண்ணீர் சொகுசாக வெளியே வந்துகொண்டிருந்தது. பிரிக்காதீங்க, புதுசு போயிடும் என்று அவளே சொல்லி வைத்த கவர்.

அவள் அதைப் பிரித்தாள். உள்ளே மெஷின் பளபளவென்று இருந்தது. புதுசு எங்கேயும் போகவில்லை.

மெஷின் வாயின் ஓரத்தைத் துடைத்தாள். வாஷரைச் சுருக்கம் இல்லாமல் உட்கார வைத்தாள். குழாயைச் சாய்க்காமல் நேராகப் பொருத்தி, இந்த ஸ்க்ரூவில் ஒரு திருகு, அந்த ஸ்க்ரூவில் ஒரு திருகு என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே சீராக முடுக்கினாள். அடியில் காய்ந்த சருகுகளைப் பரப்பினாள். சிங்க்கை மூடி முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரே அடியாகத் திறந்து விட்டாள். சருகு நனையவில்லை. பிளக்கை மாட்டி மெஷினையும் ஓட விட்டாள். நனையவில்லை.

ஜெசிந்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. தாழ் தானாகக் கழன்று விழுந்தது.

“அங்கிள், சொட்டு நின்னுடுச்சு,” என்றாள் அவள், எழுந்திருக்காமலே.

“தெரியும்மா. அதான் வந்தேன்,” என்றார் மாசிலாமணி. தலை வாசலுக்குள் இருந்தது. மீதி உடம்பு இன்னும் படியில் வந்துகொண்டிருந்தது. “ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு. நன்றியும் தக்க காரணம்தான். செக்ரட்டரிகிட்டயே கேட்டுட்டேன்.”

“வாயால சொன்னாப் போதும் அங்கிள்.”

“எங்க குடும்பத்துல அப்படிப் பழக்கமில்லம்மா. கட்டிப்பிடிச்சுத்தான் சொல்வோம்.”

தொட்டிக்குள் ஒரு குட்டி கீச்சென்றது. இன்னொன்று கீச்சென்றது. மூன்றாவதும் கீச்சென்றது.

“ரெண்டுன்னு சொன்ன மாதிரி ஞாபகம்,” என்றார் அங்கிள்.

ஜெசிந்தா ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அங்கிள், நான் ஒண்ணும் பண்ணலியே. நன்றியை எனக்கு எதுக்குச் சொல்றீங்க?”

“பின்னே யாரு பண்ணது?”

“பிளம்பர் தங்கப்பழம்.”

“அவர் எங்கே?”

“பக்கத்துலதான் வந்துட்டு இருக்காரு,” என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள். “அண்ணே, சொட்டு சுத்தமா நின்னுடுச்சு. கீழ் வீட்டு அங்கிள் உங்களைப் பாராட்டணும்னு வாசல்லயே நிக்கிறாரு.”

கசிவுக்கு நாள்கணக்கில் வராத தங்கப்பழம் பாராட்டுக்கு மூன்று நிமிடத்தில் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். வாசலை அடைத்துக் கிடந்த அங்கிளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அவர் உடம்பைத் தாண்டி உள்ளே போய்ச் சிங்க்கின் அடியில் குனிந்தார்.

ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. கான்வென்ட் படிப்பு.

“அண்ணே, ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க. இது உங்க வேலைதானா?”

ஏழு சுற்று டேப் இல்லை. துணி இல்லை. முடிச்சு இல்லை. கவரும் இல்லை. தங்கப்பழம் நல்லாவே பார்த்தார்.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க. இந்த ஃபினிஷிங் வேற எவனுக்கு வரும்? சாட்சாத் நான்தான்.”

“ரொம்ப சந்தோஷம் தம்பி,” என்றார் மாசிலாமணி அங்கிள்.

சங்கத்துச் சட்டம் குடியிருப்பவர்களுக்குத்தான். வெளியாட்களைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

நன்றி ரொம்ப நேரம் நடந்தது. ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குட்டிகளின் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணைப் பொத்த வேண்டிய அவசியம் இல்லை.

அங்கிள் மெதுவாகப் படியிறங்கிப் போனார். நடுவில் கொஞ்சம் அகலமாக இருந்ததால் திருப்பத்தில் சிரமப்பட்டார். இனி இரண்டு மாதம் அவருக்குத் தூக்கம்தான். அதற்குள் குட்டிகளுக்குக் கண் திறந்துவிடும், கிளை தாவவும் வந்துவிடும்.

மறுநாள் மரத்து வாட்ஸாப் குழுவில் நாலாம் மாடி ஆந்தை ஒரு செய்தி போட்டது. ‘எங்க வீட்டுச் சிங்க்கும் ஒழுகுது. நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா?’

ஜெசிந்தா பதில் போட்டாள். ‘தங்கப்பழம்னு ஒருத்தர். இப்போ முதல் மாடியிலதான் இருக்காரு. அங்கிள் எழுந்ததும் விசாரிச்சுப் பாருங்க.’

நீதி: உங்கள் வீட்டு வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள். பாராட்டு வாசல்வரை வந்துவிட்டால் மட்டும் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.