சப்ஜெக்ட் சொல்லாமல் வாய் திறக்காதவன்

விருதுநகர் மாவட்டத்திலேயே பேசுவதற்கு முன்னால் தலைப்பு போட்ட ஒரே ஆள் என்னுடன் படித்தவன்தான். கல்லூரியில் அவனுக்குப் பெயர் 'சப்ஜெக்ட்'. உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

தாயில்பட்டிக்காரன். நாங்கள் சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் படித்தோம், கூடவே பிசினஸ் கம்யூனிகேஷன் என்று ஒரு பாடம். முதல் செமஸ்டரில் அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டு மேடத்துக்கு மெயில் அனுப்பினான். சப்ஜெக்ட் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டான். மேடம் திறக்கவே இல்லை. மூன்று நாள் ஆப்சென்ட். போய்க் கேட்டதற்கு, "சப்ஜெக்ட் இல்லாம வந்தா யார் படிப்பா?" என்றார்.

அந்த வார்த்தை அவனுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் கேன்டீனில், "சப்ஜெக்ட்: வடை. ரெண்டு குடுங்கண்ணே" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தோம். மூன்று வருஷமும் அப்படியே பேசினான். பஸ்ஸில், "சப்ஜெக்ட்: டிக்கெட். தாயில்பட்டி ஒன்னு" என்று சொல்ல, கண்டக்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்து, "எத்தன சப்ஜெக்ட்டுல போச்சு தம்பி?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரையும் அவன் மரியாதையாகப் பேச வைத்தான். நாங்களெல்லாம் தப்பான எண் போட்டால் 'எரர்' என்று வரும்படி எழுதுவோம். செய்முறைத் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அவன் புரோகிராமைச் சோதிக்க, எண் போட வேண்டிய இடத்தில் எழுத்தைத் தட்டினார். திரையில், "ஐயா, இங்கன நம்பர் போடணும். பரவாயில்ல, இன்னொரு தடவ பாருங்க" என்று வந்தது. மறுபடி எழுத்து. "அவசரமில்ல, மெதுவாப் போடுங்க." மூன்றாவது தடவை, "ஐயா, வேணும்னே செய்றீகளோன்னு தோணுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் வர்றது முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டார். "சப்ஜெக்ட்: இல்ல சார்" என்றான். அந்த வருஷம் அவனுக்குத்தான் முதல் மார்க்.

கடைசி வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று ஆளெடுக்க வந்தது. குரூப் டிஸ்கஷன். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர், தலைப்பு 'வீட்டிலிருந்தே வேலை செய்வது நல்லதா'. ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் சத்தம் போட்டார்கள். நான் மல்லாங்கிணற்றுக்காரி. எங்கள் வீட்டில் இன்டர்வியூ வரை வந்த முதல் ஆள். சொல்ல வந்ததை மனசுக்குள் ஆங்கிலத்தில் கோத்துக்கொண்டே இருந்தேன். இன்னும் இரண்டு நிமிஷம்தான் இருந்தது.

அதுவரை பேசாதிருந்த சப்ஜெக்ட் கையைத் தூக்கினான். "சப்ஜெக்ட்: இவங்க இன்னும் பேசலை" என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினான்.

ஆறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் பேசினேன். "எங்கள் ஊரில் வீட்டிலிருந்து வேலை என்றால் மாடித் தண்ணீர்த் தொட்டி மேலிருந்துதான். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். ஆனாலும் எனக்கு அது போதும்" என்றேன். கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். நான் தேர்வானேன். ஒரே ஒரு வாக்கியம் பேசியவனை அவர்கள் எடுக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன்டா, நீ ஏதாவது பேசியிருக்கலாம்ல?" என்று கிட்டத்தட்ட அழுதேன்.

"சப்ஜெக்ட்: நெசம். அந்தத் தலைப்புல எனக்குச் சொல்ல ஒன்னுமில்ல பிள்ள. சொல்ல விசயம் இருக்கவக வாயப் பொத்திக்கிட்டு இருந்தா அம்புட்டுப் பேரு கத்தி என்ன ஆகப்போகுது?"

இப்போது சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்கு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறான். தீபாவளி முடிந்ததும் அவர்களுக்குச் சீசன், போனை எடுக்கமாட்டான்.

நான் வேலையில் சேரக் கிளம்பிய அன்று மத்தியானம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். ஜன்னல் வழியாக எண்ணெய் பரோட்டா பொட்டலம் ஒன்றை நீட்டிவிட்டு, பஸ் நகரும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு நல்ல பசி. ஆனாலும் மதுரை வரும்வரை அதைப் பிரிக்காமல், அந்தச் சூட்டோடு மடியிலேயே வைத்திருந்தேன்.