ஞாயிற்றுக்கிழமைக் குளம்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கே எனக்கு என்று ஒரு வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது முடிவு செய்தேன்.

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் கூண்டுக்குள் மேலேயும் கீழேயும் போகிற பிழைப்பு. ஏழாவது நாளாவது ஒரே மட்டத்தில் உட்கார வேண்டாமா? எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பஸ்ஸை இறக்கினால் நிரம்பிவிடும். ஒரு தூண்டில், ஒரு முக்காலி, எதிர்த்துப் பேசாத தண்ணீர். எனக்கு அது போதும்.

ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை மேல் என் மனைவிக்கும் ஒரு கண். பாப்பாவுக்கு எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. வாரத்தில் ஒரு காலை பாப்பாவை நான் வைத்துக்கொண்டால் அவள் தூங்குவாளாம்.

என் முடிவைச் சொன்னேன். சண்டை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

"அது பொதுக் குளமாங்க?"

"இருக்கும்."

"மீன் இருக்கா?"

"அதான் தண்ணி இருக்கே."

"லிஃப்ட் இருக்கற எடத்துல எல்லாம் கரண்ட் இருக்கா?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"சரி, நல்லா விசாரிச்சுட்டு வாங்க. பொதுவா இருந்து, மீனும் இருந்தா ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. ஒன்னு இல்லைன்னாலும் எனக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன். ஆனா விசாரிக்கப் போறப்ப பாப்பாவைத் தூக்கிட்டுப் போங்க."

"அவ எதுக்கு?"

"நீங்க தனியா வேலிக்கிட்ட எட்டி எட்டிப் பாத்தா திருடன்னு நினைப்பாங்க. கையில கொழந்தை இருந்தா நாலு பேரு நின்னு பதில் சொல்லுவாங்க."

நியாயமாகத்தான் பட்டது.

முதல் ஞாயிறு ஒன்பது மணிக்குப் போனேன். வேலியில் ஒரு தகரப் பலகை. துரு தின்றது போக 'கூடாது' என்ற ஒரு சொல்தான் மிச்சம். எது கூடாது என்று தெரியாததால் அரை மணி நேரம் எதுவுமே செய்யாமல் நின்றேன். எதிரே சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது யாரு குளம்?"

"தனியார் குளம் தம்பி."

"எந்தத் தனியார்?"

"அது தெரியாது."

"அப்புறம் எப்படித் தனியார்னு சொல்றீங்க?"

"பொதுன்னா இந்நேரம் குப்பை கொட்டியிருப்பாங்களே!"

அதற்குள் பாப்பா என் சட்டையை நனைத்திருந்தாள். திரும்பி வந்தால் வீட்டில் குறட்டைச் சத்தம்.

இரண்டாம் ஞாயிறு, வார்டு உறுப்பினர் வீடு. வரிசையில் பதினோரு பேர். பாப்பா போட்ட சத்தத்தில் எங்களை முதலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"பொதுக் குளம்தான். சந்தேகமே வேண்டாம்."

"மீன் இருக்குங்களா ஐயா?"

"தேர்தலுக்கு முன்னாடி விட்டோம். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகல" என்றார். பாப்பா அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு மீன் சோதனை. ரொட்டித் துண்டு போட்டேன். பொரி போட்டேன். தண்ணீர் அசையவில்லை. தோள்தான் வலித்தது. கிளம்பலாம் என்று திரும்பும்போது பாப்பா கையிலிருந்த பிஸ்கட் நழுவி விழுந்தது. குளம் கொதித்தது! ஒவ்வொன்றும் என் கை நீளம். நான் குதித்தேன். பாப்பா முதல் தடவையாகக் கை தட்டினாள்.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி அப்போதுதான் எழுந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத் தூக்கத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு காணாமல் போயிருந்தது.

"பொதுக் குளம்! மீனும் இருக்கு! எப்படி?"

"அப்ப ஞாயித்துக்கிழமை உங்களுக்குத்தாங்க" என்றாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

நான்காம் ஞாயிறு. காலை ஆறரை. தூண்டில், முக்காலி, நான். வேறு யாரும் இல்லை. தூண்டிலை வீசினேன். விசில் சத்தம் கேட்டது.

குளத்துக்கு ஒரு வாட்ச்மேன் உண்டாம். எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவாராம். நான் விசாரிக்க வந்ததெல்லாம் ஒன்பதுக்கு மேல்.

"சார், அட்டை?"

"என்ன அட்டை? இது பொதுக் குளம்!"

"பொதுங்கறதாலதான் அட்டை. வீட்டுக்கு ஒன்னு, இலவசம். அட்டையில யாரு பேரு இருக்கோ அவங்க கூட இருந்தாத்தான் தூண்டில் போடலாம்."

"எனக்கும் ஒன்னு குடுங்க." வீட்டு எண்ணைச் சொன்னேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். "உங்க வீட்டுக்குக் குடுத்தாச்சே சார். அம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்க."

தேதியைக் காட்டினார். வெள்ளிக்கிழமை. நான் முடிவெடுத்ததற்கு மறுநாள்.

வீட்டுக்கு வந்தேன். பாப்பா தொட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தாள். மனைவி போர்வைக்குள்.

"அட்டை எங்க?"

கண்ணைத் திறக்காமலே தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எல்லாம் முன்னாடியே தெரியுமா? அப்புறம் எதுக்கு என்னை மூணு வாரம் அலைய விட்டே?"

"நீங்க எங்கங்க அலைஞ்சீங்க? பாப்பாவைப் பாத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அட்டையைப் படித்தேன். மீன் பிடிப்பவர்: பாப்பா, வயது எட்டு மாதம். உடன் வருபவர்: நான்.