ஊசிமுனைக்குப் பலத்த காவல்

வீட்டில் எது உடைந்தாலும் மனைவிதான் காரணம் என்று கண்டுபிடிக்க ஆண்களுக்குப் படிப்பே தேவையில்லை. பெயர்ப்பலகைக்காரருக்கு அந்த ஞானம் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

முன்னறையில் அவருடைய சிஎன்சி மெஷின். பித்தளைத் தகட்டில் எழுத்துச் செதுக்கும். செதுக்கும் ஊசியான 'பிட்'டின் முனையோ கொசுவின் மூக்கு. 'டிக்' என்றால் போச்சு. அப்படி டிக் டிக்கென்று போய், பெட்டியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. பல் டாக்டரின் மாதிரிப் பலகையை மாலைக்குள் முடித்தாக வேண்டும். பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரி முழுக்க இவர் பலகைதான்.

அவர் சட்டம் போட்டார்.

"இனிமே மிக்ஸி ஓடக் கூடாது. கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. துடைப்பம் இந்தப் பக்கமே வரக் கூடாது!"

"தும்மலாமா?" என்றார் மனைவி.

"சமையக்கட்டுல போய்த் தும்மு."

"துடைப்பம் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"மெஷின் அதிரும்ல? ஒரு மாசமா யாரையாவது பெருக்க விட்டேனா? பிட்டு மேல அவ்வளவு அக்கறை!"

"ஒரு மாசமாத்தானே உடையுது?"

"வாதாடாதே!"

வாதத்தில் தோற்கிறவர்களின் கடைசிப் புகலிடம் அந்த ஒரு சொல்தான்.

மனைவி வாதாடவில்லை. "பிட்டு வைக்கிற பெட்டியில இருக்கற பஞ்சு அழுக்காயிடுச்சு. அந்தக் கடைசிப் பிட்டுக்குப் புதுப் பஞ்சு வாங்கிட்டு வாங்களேன்" என்றார்.

கடைசியில் இவளுக்கும் புத்தி வந்துவிட்டதே! பூரித்துப் போய்க் கிளம்பினார்.

பஞ்சோடு திரும்பியபோது மிக்ஸி வீடே அதிர அலறிக்கொண்டிருந்தது. பதறி ஓடினார். மெஷினில் டாக்டரின் பெயர் பளபளத்தது. பிட்டின் முனை உடையாமல் நின்றது.

"எப்படி!"

"தகட்டைக் கழட்டினேன். அடியில ஒரு மாசத்துப் பித்தளைத் தூள். அது மேலயே வச்சு இறுக்கினா ஒரு மூலை தூக்கிக்காதா? முனை அங்க ஆழமா இறங்கி மாட்டிக்கிட்டு முறியுது. பெருக்கினேன், துடைச்சேன். முனையை ஒரேயடியா இறக்காம, கொஞ்சம் கொஞ்சமாச் சீவ விட்டேன்."

"உனக்கு மெஷின் ஓட்டத் தெரியுமா?"

"இத்தனை பிட்டு உடையறதைப் பாத்தவளுக்கு, உடைக்காம ஓட்டத் தெரியாதா?"

மாலையில் டாக்டர் வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார். "எல்லா ரூமுக்கும் இதே மாதிரி" என்றார். பெயர்ப்பலகைக்காரர் மார்பை நிமிர்த்தியபடி அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். மெஷின் மேல் புதிதாக ஒரு சின்னப் பித்தளைப் பலகை தொங்கியது: 'ஆபரேட்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.'

"யாரு அந்த ஆபரேட்டர்?"

மனைவி துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல பெருக்குங்க. அப்புறம் சொல்றேன்."