மின்னல் குறி நிற்கவில்லை

கம்பம்,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள தங்கப்பாண்டி மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் பாண்டீஸ்வரி எழுதுவது.

சார்ஜரைச் சொருகியதும் பேட்டரிப் படத்துக்குள் ஒரு மின்னல் குறி வருமே, அது வந்து வந்து போனது. நான் முதலில் கவனித்தது அவ்வளவுதான். நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். நாங்கள் நலம். அத்தையும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த டேப்லெட் மட்டும் நலமில்லை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே பட்டன் போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் உங்கள் வண்டன்மேட்டுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிவரும் சுருளிராஜன் அண்ணனிடம் காலையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

டேப்லெட் வந்த அன்று அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பகல் பூராவும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். மறுநாளிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. நாள் முழுக்கச் சொருகி வைத்தால் நாலு சதவீதம் ஏறும், எடுத்தால் ஆறு இறங்கும். அப்பா பார்த்துவிட்டு, வீட்டுக் கரண்டு பத்தவில்லை, மோட்டார் ரூமில் போட்டால் சரியாகும் என்று திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ஏறுகிறதா என்று பார்க்க அரை மணிக்கொரு தடவை திறந்தவர், திறந்ததுதான் திறந்தோம் என்று கொடிக்கு மருந்தடிக்கும் வீடியோவும் பார்த்திருக்கிறார். அது கிரீஸ் கறையோடு திரும்பி வந்தது, சார்ஜ் வரவில்லை. அப்புறம் சுருளிராஜன் அண்ணன், ஜீப்பில் போட்டால் ஒரே நடையில் ஏறிவிடும் என்று வாங்கிப்போனாக. ஏலக்காய்க் காட்டுக்குப் போகும் அக்காமார் பதினாலு பேரும் மலை ஏறும்வரை அதில் சீரியல் பார்த்திருக்கிறாக. எட்டில் போனது மூன்றில் வந்தது. கடைசியில் அம்மாவோடு செல்வமணி அண்ணன் செல்போன் கடைக்குப் போனேன். கடையில் நாலு பேர் நின்றதால் நான் படி ஏறவில்லை. அம்மா விவரம் சொல்லி முடிக்குமுன்பே, அண்ணன் அதைக் கையில்கூட வாங்காமல், பேட்டரி செத்துப்போச்சு, மதுரைக்கு அனுப்பணும், பதினைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டாக.

மாமா, நாளைக் காலை பத்து மணிக்குத் தேனி டுடோரியல் வைக்கும் ஆன்லைன் தேர்வு. வீட்டிலிருந்தே ஒரு மணி நேரம் இதிலோ டச் போனிலோதான் எழுத வேண்டும், நடுவில் அணைந்தால் மறுபடி திறக்காது. இதில் தேறினால்தான் இந்த வருடம் தனித்தேர்வில் பத்தாவது எழுதப் பெயர் சேர்ப்பார்கள். ஒன்பதாவதோடு நின்று திராட்சை ஷெட்டில் பெட்டி கட்டிய எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "நாளைக்கு இது ஓடலேன்னா கடைக்கே திருப்பிக் குடுத்துருவோம்த்தா. நீ பேசாம திராட்சை ஷெட்டுக்கே போ."

அம்மா தினமும் விடிந்ததும் கோயிலுக்குப் போய்வருகிறாள்.

பத்து மணிக்குள் உங்கள் போனை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் மாமா. முடியாவிட்டால் அப்பாவிடமாவது பேசுங்கள். அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு என் முத்தம். உங்கள் ஆசீர்வாதம் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி

பின்குறிப்பு (வியாழன் காலை): வர வேண்டாம் மாமா. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அம்மா டேப்லெட்டை மடியில் வைத்து, சார்ஜர் சொருகும் ஓட்டைக்குள் திருநீற்றை விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறாள். என்னம்மா இது என்றேன்.

"நோவு இருக்க எடத்துலதான பூசணும்?"

ஐந்து நாளாகப் பூசியிருக்கிறாள். அப்பா ஏசுவார் என்று வெளியே சிந்தியதை முந்தானையால் துடைத்தும் வைத்திருக்கிறாள். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்குச்சி உருவிக் கிண்டினேன். திருநீறு வந்தது, அதற்கும் அடியில் முதல் நாள் சந்தனம் வந்தது. சார்ஜரைச் சொருகினேன். மின்னல் குறி வந்து நின்றது. இப்போது பதினொரு சதவீதம், ஏறிக்கொண்டிருக்கிறது. செல்வமணி அண்ணனையும் ஜீப்பையும் பற்றி எழுதியதைப் படிக்காதீர்கள். எழுதிய தாளைக் கிழிக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். வாசலில் ஜீப் ஹாரன் அடிக்கிறது.

அம்மாவிடம் சார்ஜ் ஏறுகிறது என்று மட்டும் சொன்னேன். "பாத்தியாத்தா, சாமி கேட்டுருச்சு" என்று மிச்சத் திருநீற்றோடு மறுபடி அதன் பக்கம் வந்தாள். நான் குறுக்கே போய் என் நெற்றியைக் காட்டினேன்.