நூல் விழுந்த பக்கம்

"அதிர்ஷ்டப் புத்தகம் எங்க தாயி?"

நூலக அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சந்துதான் இருந்தது. தங்கச்சாமி அந்தச் சந்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"கழுகுமலைக்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு அண்ணாச்சி. ரெண்டு மாசமாத் திரும்பி வரல," என்றாள் நூலகர் சுந்தரேஸ்வரி.

"விடிஞ்சா டிராக்டர் வருது. நான் யாரப் போயிக் கேப்பேன்?"

எப்போதும்வென்றான் என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தங்கச்சாமியை நினைத்து வைக்கவில்லை. அவர் வெங்காயம் போட்டால் விலை விழும். மிளகாயைக் காயப்போட்டால் மழை விழும். சொந்தப் புத்தியை நம்புவதை அவர் விட்டுப் பல வருடம் ஆகிறது. எதுவானாலும் ரேஷன் கடைக்கு அடுத்திருக்கும் இந்த நூலகத்துக்கு வந்துவிடுவார். அதிர்ஷ்டப் புத்தகத்தை மடியில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, தாள்களுக்கு நடுவே ஒரு கறுப்பு நூலை நுழைப்பார். பிரித்துப் பார்க்கும்போது நூல் எந்த வரியில் கிடக்கிறதோ அதுதான் உத்தரவு. அந்தக் காலத்தில் ஏட்டுச்சுவடியில் கயிறு சார்த்திப் பார்த்தார்களே, அதே முறைதான்.

இன்றைக்குக் கேட்க வந்தது சின்ன விஷயமில்லை. புரட்டாசி பிறந்து ஊரே புழுதியில் உளுந்து விதைத்துக்கொண்டிருந்தது. விதைத்த பிறகு மழை ஏமாற்றினால் விதை எறும்புக்குப் போகும். மழை வரட்டும் என்று இருந்தால் கரிசல் குழைந்து காலை உள்ளே விடாது, அந்த வருடம் நிலம் தரிசுதான். மூன்று ஏக்கர், ஒரு வருடச் சாப்பாடு.

காலையில் மனைவி சீனித்தாய் கஞ்சியை வைத்துவிட்டு, "என்னங்க, நம்ம புஞ்சையில, பாதையோரமா..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"ஏட்டி, பொம்பள பேச்சக் கேட்டு வெவசாயம் பண்ணி உருப்பட்டவன் எவன்? புத்தகத்தக் கேட்டுட்டு வாரேன்."

அவள் ஊறுகாயை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது புத்தகம் இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று, சந்துக்கு அடுத்திருந்த புத்தகத்தை உருவினார். கரிசல் காட்டு உயிர்களைக் காப்பது பற்றிய புத்தகம். அட்டையில் ஒரு முயல் அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. கண்ணை மூடி நூலை நுழைத்தார். பிரித்தார்.

'ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையிலேயே முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்வரை அந்த நிலத்தில் ஏர் இறங்கக் கூடாது.'

தங்கச்சாமி சிரித்தபடி புஞ்சைக்குப் போனார். பாதையோரமாகக் காலை எடுத்து வைத்ததும் ஒரு குருவி அலறிக்கொண்டு அவர் தலைமேல் பாய்ந்தது. குனிந்து பார்த்தால், மண்ணில் சின்னக் குழி, குழிக்குள் புள்ளி போட்ட நாலு முட்டைகள். அவருக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் டிராக்டர்கார மகாராஜா வண்டியோடு வந்து நின்றான்.

"மாப்ள, இன்னைக்கு வேண்டாம். உத்தரவு இல்ல."

"இப்ப விட்டா பத்து பன்னெண்டு நாளைக்கு வண்டி கிடையாது மாமா. முட்டைய ஒதுக்கிட்டு மத்த எடத்த உழுதுருவமே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினார். கதவு திறக்கும்வரை வாசலில் நின்றார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து நூலை நுழைத்தார். திருப்பிப் பார்த்தால் மறுபடியும் அதே பக்கம்!

'மனிதரோ மாடோ எந்திரமோ நூறு அடிக்குள் நெருங்கினால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடும்.'

புஞ்சைக்குள் வண்டி இறங்க இருக்கிற ஒரே பாதை அந்த ஓரம்தான். ஆக மூன்று ஏக்கரும் குருவிக்கே போயிற்று. மகாராஜா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

ஒருவேளை நூலில் கோளாறோ என்று புது நூல் வாங்கி, எடுத்த கையை மாற்றி, மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவையும் அதே பக்கம் விழுந்தது. 'கீரி, நாய், காகம் முட்டையைக் களவாடும். காவல் அவசியம்.'

"மூணு தரம் சொல்லிட்டுது தாயி," என்றார்.

சுந்தரேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து தங்கச்சாமி நூறு அடி தள்ளி, குடையை விரித்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். விதைத்து முடித்தவர்கள் அவர் குடைப்பக்கமாக வேண்டுமென்றே போனார்கள்.

"என்ன தங்கச்சாமி, குருவிக்கு வாட்ச்மேனாயிட்டியாமே," என்றார் வன்னியபெருமாள். "உளுந்துக்குப் பதிலா முட்டையா அறுக்கப் போற?"

முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அந்த வெட்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உச்சி வெயிலில் தாய்க்குருவி கண்மாய்க்குப் பறக்கும். மிச்சமிருக்கிற கொஞ்சத் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். தூரத்தில் காற்றாலைகள் தூங்கி வழிகிற மாதிரி சுற்றின. கானல் எழும்பி, பாளம் விட்ட கரிசல் முழுக்கத் தண்ணீர் நிற்பதுபோல் அலையடித்தது. விதைப்பு, மழை, ஊர்ப்பேச்சு எல்லாம் அந்தக் கானலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. ஐம்பத்தாறு வயதில், தன் நிலத்தை முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்து பார்க்கிறோம் என்று தங்கச்சாமிக்குத் தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

சீனித்தாய் மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் குடைக்குள் ஒண்டி உட்கார்ந்து குருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எட்டு நாளு," என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா, ஒரு கணக்குத்தான். ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வாரேன்."

"சீனி வாங்கப் போனா மூணு மணி நேரமா நிக்குத? கூட்டமில்லாத நாளாப் பாத்துப் போ."

நான்காம் நாள் ஒரு தூறல் விழுந்தது. ஊர்க்காரர்களின் உளுந்து இரண்டே நாளில் முளை விட்டது. தங்கச்சாமியின் புஞ்சையில் ஒன்றுமில்லை. அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அடுத்த மழை பெருமழையாக வந்துவிட்டால் நிலம் போயிற்று. குடையின் கீழ் உட்கார்ந்து, "சீக்கிரம் பொரிச்சிரு தாயி," என்று குருவியிடம் கெஞ்சினார். குருவி கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆனால் தூறலுக்குப் பிறகு மேகம் வரவில்லை. வெயில் வந்தது. ஒரு வாரம் அடித்த அடியில் ஊர்க்காரர்களின் முளையில் பாதிக்குமேல் கருகிப்போனது. சீனித்தாய் கணக்குச் சொன்னதிலிருந்து சரியாக எட்டாம் நாள் நாலு குஞ்சும் பொரிந்து, ஈரம் காய்ந்ததும் தாய்க்குப் பின்னால் கண்மாய்ப் பக்கம் நடந்தே போய்விட்டன. தங்கச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகாராஜாவுக்கு போன் போட்டார். மறுநாள் உழுது விதைத்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் மழை ஊற்றியது. ஐப்பசி பிறக்கும்போது அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவர் புஞ்சைதான் பச்சை.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு நூலோடு நூலகத்தில் வரிசை கட்டியது. வன்னியபெருமாள் மகள் கல்யாணத்துக்கு நூல் போட்டார். 'ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்' என்று வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், பிள்ளை பிறந்தால் மாப்பிள்ளையும் தொட்டில் ஆட்ட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தார். கோழிப்பண்ணை போடலாமா என்று கேட்ட மகாராஜாவுக்கு, 'கீரி, நாய், காகம் முட்டையைக் களவாடும்' என்று விழுந்தது. அவன் அந்த யோசனையையே விட்டுவிட்டான்.

கோவில்பட்டி போய்வந்த தங்கச்சாமி ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு நூலகத்துக்கு வந்தார். பாதியைப் புத்தகத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, மீதியை சுந்தரேஸ்வரியிடம் நீட்டினார்.

"இனிமே எனக்கு அதிர்ஷ்டப் புத்தகம் வேண்டாம் தாயி. இதுதான் தெய்வம். ஆனா ஒரு சந்தேகம். யாரு நூல் போட்டாலும், என்ன கேட்டாலும், ஏன் என் புஞ்சைக் குருவி பக்கத்துலயே வந்து விழுது? என் புஞ்சையில முட்டை கெடக்கிறது இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சுந்தரேஸ்வரி கடலைமிட்டாயை ஒரு கடி கடித்துக்கொண்டாள்.

"பிரிச்சுப் பிரிச்சுப் படிக்கிற பக்கத்துலதான புத்தகம் தானா விரியும் அண்ணாச்சி? ரெண்டு வருசமா ரேஷன் கடைக்கு வாரப்பல்லாம் ஒங்க வீட்டு மதினி இங்கன உக்காந்து அந்த ஒரு பக்கத்தத்தான படிச்சுட்டுப் போறாவ."