பென்சில் கோடும் சாமந்தி மாலையும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளுக்கும் மாலை போடாதீர்கள். சாமி குற்றம் என்று என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். ஒரு முழம் சாமந்தியில் பிழைப்பைத் தொலைத்தவள் நான். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் என் தாய்மாமா தணிகாசலம் ஒரு கடை வைத்திருந்தார். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் ஒரு பழைய கம்ப்யூட்டரும். பின்பக்கம் அவருடைய ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை. கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் வேலை. படிப்பு, டைப்ரைட்டிங் லோயர் பாஸ். அதன்மேல் சின்னதாய் ஒரு டி.டி.பி. கோர்ஸ். (திருப்புலிவனத்தில் எங்கள் தெருக்காரர்கள் என்னை ‘கம்ப்யூட்டரு’ என்றே கூப்பிட்டார்கள். கிண்டல் என்பதுகூடத் தெரியாமல் நானும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பேன்.)

கடை ஓடவில்லை. மாமா ஒரு நாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“தீபாவளி வரைக்கும் பாப்பேன். அப்பாலயும் இப்டியே ஈ ஓட்டிக்கினு இருந்தேன்னு வெச்சுக்கோ, எல்லாத்தையும் வித்துட்டு மாவு மெஷின் போட்டுருவேன். பத்திரிகை அடிக்காத வூடு ஆயிரம் கீது. மாவு அரைக்காத வூடு ஒண்ணு காட்டு பாப்போம்.”

காட்ட முடியவில்லை. அதுதான் என் பயம். கம்ப்யூட்டர் போனால் அந்த நாற்காலி போகும். அந்த நாற்காலி இல்லாவிட்டால் நான் யார்?

அந்த நேரத்தில்தான் கரீம் பாய் வந்தார். பெயிண்ட், ஆணி, குழாய் எல்லாம் விற்கும் கடைக்காரர். மகள் ஷபானாவுக்கு நிக்காஹ். ஆயுத பூஜை வாரத்து வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எல்லாருக்கும் பத்திரிகை கொடுக்க வேண்டும். இது நன்றாக வந்தால் பள்ளிவாசல் தெருவில் எல்லார் வீட்டுப் பத்திரிகையும் இனி எங்களிடம்தான் என்றார். மாமாவின் முகத்தில் மாவு மெஷின் மறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஷபானா கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் வெட்கப்படுகிற ரகம் இல்லை. என் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மினார் வேண்டும், தங்க பார்டர் வேண்டும், சுற்றி ரோஜாக்கொடி வேண்டும். “அக்கா, அந்தப் பூவ கொஞ்சம் இந்தாண்ட நகத்துங்களேன்” என்பாள். நகர்த்துவேன். கம்ப்யூட்டர் யோசிக்கும். பிறகு மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் படத்தை வரைந்துகொண்டு வரும். நான் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் பூ பாதிதான் வந்திருக்கும்.

“இன்னாக்கா, பூ நகர்றதுக்குள்ள எனக்கு நிக்காஹ் முடிஞ்சிரும் போலகீதே” என்றாள்.

அவமானம் தாங்கவில்லை. காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் பற்றிய மாத இதழ் ஒன்று வாங்கினேன். பிராசஸரை அதற்கு விதித்த வேகத்தைவிட அதிகமாக ஓட வைக்கலாம், அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என்று அதில் ஒரு கட்டுரை போட்டிருந்தது. எங்களிடம் இருந்த வகைக்கு ஒரு பென்சில் போதுமாம். பிராசஸரின் முதுகில் வரிசையாக இருக்கும் சின்னப் புள்ளிகளைப் பென்சில் கோட்டால் இணைத்தால் பூட்டு திறந்துவிடும். பிறகு வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

பென்சிலைச் சீவினேன். கோடு போட்டேன். சத்தியமாக வேலை செய்தது.

கட்டுரையில் பாதுகாப்புக்கு என்னென்ன சொல்லியிருந்ததோ அத்தனையும் செய்தேன். பேராசைப்படாமல் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஏற்றும்போதெல்லாம் நன்றாக ஓட்டிப் பார்த்தேன். சூடுதான் எதிரி என்றார்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எதிரில் டேபிள் ஃபேன் வைத்தேன். சூட்டை அளக்க ஏதோ மென்பொருள் உண்டாம். எனக்கு விரல் இருந்தது.

பூ சட்டென்று நகர்ந்தது. ஷபானா வாயைப் பிளந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“பென்சில்ல கோடு போட்டா வேகமா ஓடுமா? அப்ப எங்க அத்தா ஸ்கூட்டர்லயும் ரெண்டு கோடு போட்டு உடுங்கக்கா.”

நான் பெரிய விஞ்ஞானியைப் போலச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை ஆயுத பூஜை. மறுநாள் அச்சடித்தால் வெள்ளிக்குச் சரியாக இருக்கும். கடையைக் கழுவ அம்மாவும் வந்திருந்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாடி இது, கொடலு தெரியிற மாதிரி தொறந்து போட்டுகினு கீற? சாமி கும்புடுற நாளும் அதுவுமா.”

“அத மூடக் கூடாதும்மா. சூடாயிடும்.”

“சரிடியம்மா, மூடல” என்றாள். நம்பினேன். பொரி கடலை வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால், மாமா மானிட்டரில் சரஸ்வதி படத்தைப் போட்டு வைத்திருந்தார். டேபிள் ஃபேன் கத்தரிக்கோல், கட்டர், ஸ்டேப்ளரோடு பூஜை வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு இறக்கைக்கும் சந்தனப் பொட்டு. பெட்டியின் திறந்த பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை சாமந்தி மாலை.

“மூட வேணாம்னேனே!”

“எங்கடி மூடுனேன்? மறைச்சிகினுதான கீறேன்.”

“ஃபேனையாவது போடுங்க மாமா.”

“பொட்டு வெச்ச பொருள ஓட்டக் கூடாதுன்னு தெரியாது? அஞ்சு நிமிசம் சும்மா இரு.”

பிராசஸர் மேலேயே ஒரு குட்டி ஃபேன் சுற்றுகிறதே, ஐந்து நிமிஷம் தாங்கும் என்று நானும் சும்மா இருந்தேன். மாலை கட்டிய வாழைநார் உள்ளே தொங்கி அந்தக் குட்டி ஃபேனில் சிக்கிக்கொள்ளும் என்று கட்டுரையில் எழுதவில்லை. எழுதியவன் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை.

மாமா சாம்பிராணி போட்டார். அறை முழுக்கப் புகை. கம்ப்யூட்டர் அப்போதே உறைந்து போயிருக்க வேண்டும். ஆனால் திரையில் இருந்தது சரஸ்வதி. அவள் அசையாமல் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? கொஞ்ச நேரத்தில் சாமந்தி மாலைக்குப் பின்னாலிருந்து தனியாக ஒரு புகை எழுந்தது.

“பாத்தியா, பாத்தியா! அம்மா வந்துட்டா!” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா அந்தப் புகைக்கு இன்னொரு தரம் கற்பூரம் காட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன சொல்ல.

டிசைனைப் பார்க்க வந்த கரீம் பாயும் ஷபானாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பூஜையில் குறுக்கே பேசக் கூடாது என்று பாய் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. சாம்பிராணில ரப்பர் ஏதாச்சும் கலக்குறீங்களா?”

சரஸ்வதி அணைந்தாள்.

ஓடிப்போய் மாலையைப் பிடுங்கினேன். குட்டி ஃபேனில் நார் இறுகச் சுற்றியிருந்தது. பிராசஸர் நடுவில் கருகியிருந்தது. மதர்போர்டும் போயிற்று. அம்மா மாலையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “பூவுக்கு ஒண்ணும் ஆவல” என்றாள்.

டிசைன் உள்ளே ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. அதை மாட்டிப் பார்க்க வேறு கம்ப்யூட்டர் வேண்டும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து காஞ்சிபுரத்தில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லாரிடமும் ஒரே பதில்தான். “பூஜ போட்டு மூடிட்டோம்மா. விஜயதசமி முடிஞ்சி வா.” மாவட்டத்தில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரும் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னுடையது மட்டும்தான் செத்தது.

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கிலேயே கல்யாணத்தைச் சொல்லச் செய்துவிட்டார். மைக்குக்கு யாரை அழைப்பது, யாரை விடுவது என்று தெரியுமா? சந்தில் போனவர்களும் கேட்டார்கள். எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்தபோது பிரியாணி தீர்ந்துவிட்டது. சம்பந்திக்கு வெறும் சோறும் தால்சாவும். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டுகூட எங்களிடம் வரவில்லை.

மாமா தீபாவளி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக அதே அறையில் நான்தான் மாவு அரைக்கிறேன். தலை, புருவம், காது எல்லாம் மாவு. மெஷின் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது, ஒருத்தியைத் தவிர. ஷபானா மிளகாய்த் தூக்கை வரிசையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவாள்: “அக்கா, என் கல்யாணப் பத்திரிகை ரெடியா?” வரிசையே சிரிக்கும். இப்போது அவள் பெண்ணையும் பழக்கிவிட்டாள். கோதுமையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பெண்ணும் கேட்கிறது: “பெரிம்மா, எங்கம்மா கல்யாணப் பத்திரிகை வாங்கினு வரச் சொன்னாங்க.”

“ஆயுத பூஜை முடியட்டும், தர்றேன் போ” என்பேன். இத்தனை வருடமும் இதே பதில்தான். வேறு நல்ல பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.